தொண்ணூற்றிரண்டும் நூற்று முப்பதும்

பேராதனைக் கலஹா சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ருஷ்தி நானா ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று போன கிழமை அவரே போன் எடுத்துச் சொன்னார். சந்தோஷம் நானா என்றேன். அதோடு வைத்துவிடுவார் என்று பார்த்தால், "தங்கச்சி, ஒங்க ரெண்டு பேருக்கிட்டயும் ஒரு மாப்புக் கேக்க ஈக்கி. போன்ல கேக்க ஏலாது. அது கேக்காம எனக்குப் போகவும் ஏலாது" என்றார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். கண்டியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் மன்னியுங்கள் என்று பொதுவாகக் கேட்பார்கள், நாமும் பொதுவாகத் தலையாட்டுவோம். ஆனால் ருஷ்தி நானாவின் குரலில் பொதுவாக ஒன்றும் இல்லை. குறிப்பாக ஏதோ ஒன்று இருந்தது.

"நாங்களே வர்றோம் நானா" என்று சொல்லி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஜனார்த்தனனிடம் சொன்னபோது, "அவர் எங்களுக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டார்.

"ரோல்ஸுக்குள்ள மீனைக் குறைச்சிருப்பாரு. வேற என்ன?"

"உமக்கு எல்லாம் பகிடி" என்றார். ஜனா யாழ்ப்பாணத்து மனிதர். பகிடிக்கும் முன்கூட்டி அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். சீட் கிடைத்தது, ஆனால் பேச்சு கிடைக்கவில்லை. ஜனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். கண்டி டவுன் தாண்டும்வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பேராதனை, கலஹா சந்தி, ருஷ்தி நானாவின் பழைய தேத்தண்ணிக் கடை. மனசு எப்போதும் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில்தான் ஏறும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நானும் ஜனாவும் பேராதனையில் ஆராய்ச்சி மாணவர்கள். நான் கலஹாவில் ஒரு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். அவர் கம்பஸுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தார். எங்களுக்குக் கொடுத்திருந்தது மாடியில் ஒரு சின்ன அறையும், லைட் மங்கினால் தானே அணைந்து எழும்பும் ஒரு கம்பியூட்டரும். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே குரங்கும் வரும். ஒரு முறை ஜனா தின்ன வைத்திருந்த பணிஸை எடுத்துக்கொண்டு போன குரங்கு, மறுநாள் அவருடைய பேனைக்கும் வந்தது. அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இனிக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல அறைகளில் இருந்துவிட்டோம். ஜெர்மனியில் ஹீட்டர் போட்ட அறையில்கூட இருந்தோம். ஒன்றும் அதற்கு ஈடில்லை.

எங்கள் வேலை மீசான்கள். பொருளை உடைத்துக்கொண்டே போனால் குவார்க் என்ற ஒன்றில் வந்து நிற்போம். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் ஜோடி சேர்ந்தால் அது மீசான். குவார்க்கைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஜோடி வெளியில் நடந்துகொள்கிற விதத்தை வைத்து உள்ளே என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைக் கணக்காக எழுதி, வருகிற விடை ஆய்வுகூடத்தில் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கலியாண வீட்டில் பெரியம்மாக்கள் செய்கிற அதே வேலைதான். நாங்கள் கொஞ்சம் கணிதம் சேர்த்துக்கொண்டோம்.

அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒரு குவார்க்கை ஒரு மூட்டை என்று வைத்தால், இரண்டு சேர்ந்த ரோ என்ற மீசான் இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே இரண்டும் சேர்ந்த பையான் என்ற மீசான் அரை மூட்டைகூட வராது. சரக்கு ஒன்றுதான், ஆனால் ரோவில் இரண்டும் ஒரே பக்கமாகச் சுழல்கின்றன, பையானில் எதிரும் புதிருமாகச் சுழல்கின்றன. ஒரே பக்கம் சுழல்கிற ரோ கண்மூடித் திறக்கிறதற்குள்ளே, அதற்கும் எவ்வளவோ முன்னமே, உடைந்துவிடும். எதிரும் புதிருமாக இருக்கிற பையான் அதைவிடப் பல மடங்கு காலம் தாக்குப்பிடிக்கும். இதை நான் ருஷ்தி நானாவிடம் சொன்னபோது, "அப்ப தராசுல தான் பிழ" என்றார்.

ருஷ்தி நானா இதற்குள் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஒரே கணக்கை நானும் ஜனாவும் தனித்தனியாகச் செய்வோம். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அடுத்த கணக்கு. ஆனால் ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன நடக்கும் என்றால், தன் விடை மற்றவர் விடையாக மாறும்வரை பிழை தேடுவோம், மாறியதும் தேடுவதை நிறுத்திவிடுவோம். மனுஷ புத்தி அப்படி. அதனால் ஜனா ஒரு சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு ருஷ்தி நானா கடையைத் திறந்ததும், இருவரும் விடையை ஒவ்வொரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்ப்பார். முதல் இரண்டு இலக்கமும் ஒத்திருந்தால் "ஒன்னுதான்" என்பார். இல்லாவிட்டால் "இல்ல" என்பார். வேறு ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. துண்டு இரண்டையும் அப்படியே அடுப்பில் போட்டுவிடுவார்.

அந்த மனிதர் அந்த வேலையைச் செய்த அழகு! ரோல்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, கையைத் துடைத்துவிட்டுத் துண்டுகளை வாங்குவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றுதான் என்றால் கேட்காமலே இரண்டு பால் தேத்தண்ணி வரும். இல்லை என்றால் வெறுந்தேத்தண்ணி. தண்டனையும் பரிசும் அவராகச் சேர்த்துக்கொண்டது, சட்டத்தில் இல்லை.

ரோவின் நிறை முதல் வெள்ளியிலேயே ஒத்தது. கயோன் என்ற இன்னொரு மீசானில் நான் ஒரு பிழை விட்டு, வெறுந்தேத்தண்ணி குடித்து, திருத்தினேன். பையானின் நிறையும் ஒத்தது. கடைசியாக மிஞ்சியது பையானின் சிதைவு மாறிலி. பையான் எவ்வளவு சுலபமாக அழிந்துபோகும் என்று சொல்லும் எண் அது. அது வந்தால் எங்கள் கட்டுரை முடிந்தது.

அது ஒத்துவரவே இல்லை. ஒரு வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளியும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை.

"உம்மட தொகையீட்டில எங்கயோ பிழை" என்றார் ஜனா.

"உங்க புரோகிராம்லதான் பிழை. ஆம்பள எழுதினா புரோகிராமும் பிழையை ஒப்புக்கொள்ளாதா?"

கலஹா பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது கோபம் கணக்கின்மேல் இல்லை. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. கட்டுரையை அனுப்பியதும் ஜனா தன் அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்வதாக. யாழ்ப்பாணத்து வீட்டில் மலையகத் தோட்டத்துப் பெண் என்றால் என்ன சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியும். "ஒரு நேரத்தில ஒரு சண்டைதான் பிடிக்கலாம். முதல்ல கட்டுரை முடியட்டும்" என்பார். பயந்தார், அவ்வளவுதான். பயத்துக்கு மீசான் என்று பெயர் வைத்திருந்தார்.

என் அண்ணன் ரவிகுமார் அதுவரை சும்மா இருப்பாரா? கடுகண்ணாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒருவரைப் பேசிவிட்டார். நல்ல மனிதராம். நான் பார்த்ததே இல்லை, அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜனாவுக்கு முன்பே கடைக்குப் போய்விட்டேன். என் துண்டைக் கொடுத்துவிட்டு, "நானா, இன்னைக்கும் இல்லைன்னா முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை கடுகண்ணாவைல இருந்து வர்றாங்க. அவரு இந்த எண் ஒத்துப்போகாம வாயைத் தொறக்கமாட்டாரு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ருஷ்தி நானா ரோல்ஸ் சுற்றும் காகிதத்தில் ஒன்றைக் கிழித்து, முகத்தைத் துடைக்கக் கொடுத்தார். அதில் எண்ணெய் மணந்தது.

ஜனா வந்தார், தன் துண்டைக் கொடுத்தார். ருஷ்தி நானா இரண்டையும் பார்த்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒன்னுதான்" என்றார். துண்டுகள் அடுப்புக்குள் போயின.

ஜனா சொன்னபடி செய்கிற ஆள், அதை மறுக்க மாட்டேன். பால் தேத்தண்ணி வருவதற்கு முன்னமே சந்தியில் நின்றபடி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். "அம்மா, ஒரு விசயம் சொல்லோணும்" என்று தொடங்கினார். மாமி போட்ட சத்தம் கலஹா பஸ் டிரைவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. காதைச் சிவக்கச் சிவக்க வைத்துக்கொண்டு, "ஓம் அம்மா, தோட்டம்தான். ஓம். ஓம்" என்று நின்றார். அந்த மனிதரை என் வாழ்நாளில் அந்த நேரம்போல் நான் நேசித்ததில்லை. அன்று பின்னேரமே நானும் அண்ணனிடம் சொல்லி, கடுகண்ணாவைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லவைத்தேன்.

திங்கட்கிழமை கட்டுரை எழுத உட்கார்ந்தோம். விடைகளை அட்டவணையில் போட வேண்டும். நான் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். ஜனா எட்டிப்பார்த்துவிட்டு, "என்ன இது? நூற்று முப்பதெல்லோ?" என்றார்.

எனக்கு நினைவு வந்தது எண் இல்லை, சந்தியில் சிவந்துபோன அவர் காது. பிறகு அவர் கல்குலேட்டரை எடுத்து ஒன்றை மற்றதால் வகுத்தார். ஒன்று தசம் நான்கு ஒன்று. இரண்டின் வர்க்கமூலம். பௌதிகம் படித்தவர்களுக்கு அது சொந்தக்காரர் முகம் மாதிரி, பார்த்ததும் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். அந்த எண்ணை எழுத உலகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. சிலர் வர்க்கமூலத்தை எண்ணுக்குள்ளேயே சேர்த்து எழுதுவார்கள், சிலர் வெளியே விட்டு எழுதுவார்கள். அவர் படித்த புத்தகம் ஒன்று, நான் படித்தது வேறு. இரண்டு வழக்கம் இருப்பது எங்களுக்கும் தெரியாமலில்லை. மற்றவரும் தன்னைப்போலத்தான் எழுதுவார் என்று இருவருமே நினைத்துவிட்டோம். ஒருவர் விடையை ஒருவர் ஒரே ஒரு தரம் பார்த்திருந்தால் முதல் வெள்ளியே முடிந்திருக்கும். எங்கள் ஒழுங்குதான் எங்களைக் கொன்றது. அன்று சிரித்த சிரிப்பில் குரங்குகூட ஜன்னலை விட்டுப் போய்விட்டது.

"அப்ப நானா ஏன் ஒண்டுதான் எண்டவர்?" என்று ஜனா கேட்டார். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பார் என்று நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம். அவரிடம் போய்க் கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு அடுத்தவர் ஞாபகம் எங்கே வருகிறது?

கலியாணம் நடந்தது, மாமியும் வந்தார். ஜெர்மனிக்குப் போனோம், திரும்பி வந்தோம். மீசான்கள் எங்களை விட்டுப் போய்விட்டன. நான் முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கப்பியும் சாய்தளமும் படிப்பிக்கிறேன், ஜனா கண்டியில் ஒரு கம்பியூட்டர் கம்பனியில் இருக்கிறார். அந்தக் கட்டுரையில் என் தொண்ணூற்றிரண்டுதான் போனது, அவருடைய நூற்று முப்பது அடிக்குறிப்பில் போனது. அதை அவர் இன்னும் மறக்கவில்லை. கறிக்கு உப்புக் கூடினால்கூட, "நீர் எதிலயும் வர்க்கமூலத்தை வெளிய விடுற ஆள்தானே" என்பார். நானும் விடமாட்டேன். ருஷ்தி நானாவின் கடையும் ரோடு அகலமாக்கியபோது போய்விட்டது. அவர் கட்டுகஸ்தோட்டையில் மகள் ஸுமைராவோடு இருக்கிறார்.

பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி வீட்டைக் கேட்டுப் போனோம். ருஷ்தி நானா வாசலிலேயே நின்றார். தாடி நரைத்துவிட்டது. கதிரையில் உட்காரவைத்தார். ஸுமைரா தேத்தண்ணி கொண்டு வந்தாள். வெறுந்தேத்தண்ணி.

"தம்பி, தங்கச்சி" என்று தொடங்கினார். "கடசி வெள்ளிக்கெழம ஒங்க துண்டு ரெண்டும் ஒன்னில்ல. ஒன்னுல தொண்ணூத்தி ரெண்டு, ஒன்னுல நூத்தி முப்பது. நல்லாத் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சிதான் பொய் சென்னேன். ஜும்ஆ தொழுதிட்டு வந்த வாயால."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை வருஷம் அவரைக் கண் தெரியாதவர் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

"தங்கச்சி அழுதிட்டு ஈந்தீங்க. எனக்கு மனசு கேக்கல்ல. கலியாணம் நடந்திச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்தக் கணக்கு பிழையாத்தானே போயிருக்கும்? நீங்க ரெண்டு பேரும் படிச்ச படிப்ப விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். தம்பி கம்பனிக்குப் போயிட்டாராம். என்ட பொய்யாலதான் ஒங்கட படிப்பு போச்சுன்னு நெனச்சேன். கலியாணத்துக்குச் சந்தோஷப்படவும் ஏலல்ல, படிப்புக்கு மாப்புக் கேக்கவும் வாய் வரல்ல."

எங்களுக்கு அது சிரிப்புக் கதை. இவர் அதை நெஞ்சில் கல்லாக வைத்திருந்திருக்கிறார்.

"நானா, நீங்க பொய் சொல்லல" என்றேன். "ரெண்டும் ஒன்னுதான். பேராதனைல இருந்து கலஹாவுக்குப் பழைய ஆளுங்க மைல்ல சொல்வாங்க, கண்டக்டர் கிலோமீட்டர்ல சொல்வாரு. எண்ணு வேற. ரோடு அதேதானே? அந்த மாதிரிதான் நானா. திங்கக்கிழமையே எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. கட்டுரையும் சரியா வந்திச்சு. நாங்க வேலைய விட்டது வேற விஷயம்."

ருஷ்தி நானா சிரித்தார். நம்புகிற சிரிப்பு இல்லை.

"நான் ஒங்க மனசுக்காகச் சென்னேன். இப்ப நீங்க என்ட மனசுக்காகச் செல்றீங்க."

"சத்தியமா நானா" என்றார் ஜனா. போனை எடுத்து எங்கள் கட்டுரையைத் தேடிக் காட்டப் போனார். "எனக்கு அது வாசிக்க வெளங்காது தம்பி" என்று நானா போனை மெதுவாகத் தள்ளிவிட்டார். எனக்கு உண்மையில் பயம் வந்தது. இந்த மனிதர் இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டே மக்காவுக்குப் போகப்போகிறார். மாப்புத் தந்தோம் என்றால் அவர் பொய் சொன்னதாக நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், தரவில்லை என்றால் போகவேமாட்டார்.

கடைசியில் அவரே வழி சொன்னார். "பழைய மாதிரி செய்வோம். ரெண்டு பேரும் பேசாம, தனித்தனியா எழுதித் தாங்க. ஒன்னுதான்னா ஒன்னா வரட்டும்."

ஸுமைரா காகிதமும் பேனையும் கொடுத்தாள். ஜனாவை உள் அறைக்கு அனுப்பினார், நான் கதிரையிலேயே இருந்தேன். நான் யோசித்தேன். என் மனிதரை எனக்குத் தெரியும். நூற்று முப்பதை விட்டு அவர் அசையமாட்டார். நானும் என் எண்ணை எழுதினால் மறுபடியும் இல்லைதான். போகட்டும், இந்த ஒரு தரம், நானாவுக்காக நான் இறங்கிப்போகிறேன் என்று நூற்று முப்பது என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். கை கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை.

ஜனா வந்து தன் துண்டைக் கொடுத்தார். ருஷ்தி நானா கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டையும் விரித்தார். கூடுதல் நேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கலஹா பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிற மாதிரி இருந்தது.

"தங்கச்சி" என்றார். "அந்த நாளையில தொண்ணூத்தி ரெண்டு எழுதினது நீங்க தானே?"

"ஆமா நானா."

"இப்ப இதுல நூத்தி முப்பது எழுதி ஈக்கி."

நான் ஜனாவைப் பார்த்தேன். அவருடைய காது சிவந்திருந்தது.

"நான் தொண்ணூற்றிரண்டு எண்டுதான் எழுதினனான்" என்றார், யாரையும் பார்க்காமல். "இவ விடமாட்டா எண்டு தெரியும். அதுதான்."

ருஷ்தி நானா துண்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார். அவர் கண் நிறைந்துகொண்டு வந்தது. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒன்னுதான்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "மகள், ரெண்டு பால் தேத்தண்ணி போடுங்க" என்றார்.